மாத்திரையும் தடுமாற்றமும்

பாட்டி இரவில் எழுந்து விழுந்துவிட்டால் "வயதாகிவிட்டது" என்கிறோம். அவர் உண்ணும் மாத்திரையை நினைப்பதில்லை. நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 5-8-2021 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால், இரத்த அழுத்த, சர்க்கரை நோய் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அஞ்செட்டி மலையூர்களுக்கு இது பெரும் உதவியே. ஆயினும் அழுத்த மாத்திரை உண்பவர் சட்டென எழுந்தால், இரத்தம் கால்களில் தேங்கித் தலை சுற்றலாம். தூக்க மாத்திரை நடையைத் தளர்த்தும். சர்க்கரைக்கு மாத்திரை உண்டு உணவைத் தவிர்த்தால் மயக்கம் வரலாம்.

அதற்காக மாத்திரையை நாமே நிறுத்தலாகாது, பக்கவாதம் தாக்கக்கூடும். எல்லா மாத்திரைகளையும் மருத்துவரிடம் காட்டுவோம். படுக்கையில் சற்று உட்கார்ந்து எழச் சொல்வோம். இடுப்பெலும்பு முறிந்தபின் வருந்துவதைவிட, இன்றிரவே விளக்கைப் போட்டுக் கைகொடுப்பது மேலன்றோ!