சூப்பர்சார்ஜர் பூட்டிய பிக்கப்புக்கு எந்தக் கேம்ஷாப்ட்? வால்வு திறக்கும் நேரத்தின் கணக்கு



காலை ஏழு மணிக்குக் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் போனவர்களுக்குத் தெரியும், ஷா ஆலாம் தாண்டுவதற்குள் எத்தனை தடவை பிரேக் மிதிக்க வேண்டியிருக்கும் என்று. அந்த நெரிசலில் சாமான் ஏற்றிக்கொண்டு தினமும் ஓடும் ஒரு பிக்கப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் எஞ்சின். சூப்பர்சார்ஜர் பூட்டியாகிவிட்டது. அடுத்து வண்டிக்காரர் பட்டறையில் கேட்பது இதுதான்: “கேம்ஷாப்டையும் மாத்திடலாமா? எதைப் போடலாம்?”

பந்தயக் கார்களுக்கான கேம் இந்த வண்டிக்கு ஆகாது. ஏன் ஆகாது என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

கலைச்சொல் அகராதியில் கேம்ஷாப்டுக்கு ‘நெம்புருள் தண்டு’ என்று இருக்கும். நல்ல சொல்தான், தேர்வில் எழுதலாம். ஆனால் பட்டறையில் போய்ச் சொன்னால் யாருக்கும் புரியாது. முட்டை வடிவத்தில் புடைத்த மேடுகள் கொண்ட ஓர் இரும்புத் தண்டு அது. தண்டு சுழலும்போது மேடு வால்வை அழுத்தித் திறக்கும். மேடு நகர்ந்ததும் ஸ்பிரிங் அதை மூடிவிடும். ஒரு வால்வு காற்றையும் பெட்ரோலையும் உள்ளே விடும், இன்னொன்று எரிந்த புகையை வெளியே விடும். நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சுற்று வேலை முடிய கிராங்க் தண்டு இரண்டு முறை, அதாவது 720 பாகை சுழல வேண்டும். அதே நேரத்தில் கேம்ஷாப்ட் ஒருமுறைதான் சுழலும். இந்த இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தை நினைவில் வையுங்கள், கீழே கணக்குக்கு வேண்டும்.

புகை முழுதும் போன பிறகுதான் உள்வால்வு திறக்கும் என்று பாடநூல் படத்தைப் பார்த்து மாணவர்கள் நினைப்பார்கள். உண்மையில் புகை வால்வு மூடுவதற்கு முன்பே உள்வால்வு கொஞ்சம் திறந்துவிடும். சிறிது நேரம் இரண்டும் திறந்திருக்கும். இதற்குப் பெயர் ஓவர்லாப். சாதாரண எஞ்சின் வேகமாகச் சுழலும்போது, வெளியே ஓடும் புகை தன் பின்னால் ஒரு வெற்றிடத்தை உண்டாக்கிப் புதுக் காற்றை இழுத்துவிடும். அதனால்தான் பந்தய கேமில் ஓவர்லாப் அதிகம்.

சூப்பர்சார்ஜர் வந்ததும் கணக்கு மாறிவிடுகிறது. அது கிராங்க் தண்டிலிருந்து பெல்ட் வழியாகச் சுழன்று காற்றை உள்ளே தள்ளுகிறது. இழுக்க வேண்டிய தேவையே இல்லை. வகுப்பில் இதை ஒரு பஸ்ஸை வைத்து விளக்கலாம். முன்கதவில் கூட்டம் தள்ளி ஏறுகிறது. அந்நேரம் பின்கதவும் திறந்திருந்தால் ஏறினவரே பின்னால் இறங்கிப் போய்விடுவார், இல்லையா? அப்படித்தான் ஓவர்லாப் நேரத்தில் எரியாத பெட்ரோல் கலவை நேராகப் புகைக்குழாய்க்குப் போய்விடும். காசும் போச்சு, புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கி மாற்றியும் சூடேறிக் கெடும். டர்போவில் நிலைமை வேறு. அங்கே புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற வேண்டியிருப்பதால் வெளியேறும் வழியில் அழுத்தம் சேர்ந்து, ஓவர்லாப் அதிகமானால் புகையே சிலிண்டருக்குத் திரும்பி வரலாம். இரண்டையும் ஒன்றாக நினைத்து விடை எழுதாதீர்கள்.

சரி, ஓவர்லாப்பை எப்படிக் குறைப்பது? கேம் விற்பவர் தரும் தாளில் மூன்று எண்கள் இருக்கும்: உள்வால்வு திறந்திருக்கும் பாகை, புகை வால்வு திறந்திருக்கும் பாகை, இரண்டு மேடுகளின் உச்சிகளுக்கு இடையே உள்ள கோணம். முதல் இரண்டும் கிராங்க் பாகை, மூன்றாவது கேம் பாகை. ஆகவே மூன்றாவதை இரண்டால் பெருக்க வேண்டும். முதல் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, அதிலிருந்து கோணத்தின் இருமடங்கைக் கழித்தால் ஓவர்லாப் கிடைக்கும்.

உள்வால்வு 264, புகை வால்வு 272 என்று வையுங்கள். கூட்டிப் பாதியாக்கினால் 268. கோணம் 108 என்றால் 216-ஐக் கழிக்க, ஓவர்லாப் 52 பாகை. அதே மேடுகளைக் கொஞ்சம் அகற்றி வைத்துக் கோணத்தை 114 ஆக்கினால் 40 பாகைக்கு இறங்கிவிடும். மேட்டின் வடிவம் மாறவில்லை, இடைவெளி மட்டுமே மாறியது. சூப்பர்சார்ஜர் வண்டிக்கு 112 முதல் 116 வரை கேட்பது இதனால்தான். புகை வால்வுக்கு எட்டுப் பத்துப் பாகை கூடுதலாகக் கொடுப்பதும் வழக்கம். அதிகமாக உள்ளே தள்ளியதை அதிகமாக வெளியேற்ற வேண்டுமே.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது: பிரேக். பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில் பிரேக் பூஸ்டர், எஞ்சின் உள்ளிழுக்கும் குழாயில் உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு காலுக்குத் துணை செய்கிறது. ஓவர்லாப் அதிகமான கேம் போட்டால் மெதுவாக ஓடும்போது அந்த வெற்றிடம் குறையும். எஞ்சின் குலுங்கும், ஏர்கோன் போட்டால் அணையப் பார்க்கும், பிரேக் மிதி கட்டையாகிவிடும். ஒரு டன் சாமானோடு நெரிசலில் நிற்பவருக்கு இது விளையாட்டு இல்லை. சில பேர் அந்தக் குலுங்கல் சத்தத்துக்காகவே கேம் மாற்றுகிறார்கள். அது அவரவர் ஆசை, ஆனால் வேலைக்குப் போகும் வண்டியில் வேண்டாம் என்பதே என் கருத்து.

உள்வால்வு எப்போது மூடுகிறது என்பதும் முக்கியம். நம் ஊர் வெயிலில் காற்று 33 பாகை செல்சியஸ், அதாவது 306 கெல்வின். அழுத்தத்தை ஒன்றரை மடங்காக்கினால் இழப்பே இல்லாத சிறந்த நிலையிலும் அது ஏறக்குறைய 344 கெல்வின், 71 பாகை. சூப்பர்சார்ஜரின் திறன் 60 விழுக்காடு என்று வைத்தால் 95 பாகையையும் தாண்டும். அவ்வளவு சூடான கலவையைச் சிலிண்டருக்குள் மேலும் அழுத்தினால், தீப்பொறி வருவதற்கு முன்போ பின்போ தானாக வெடித்து எஞ்சினைத் தட்டும். வால்வைக் கொஞ்சம் தாமதமாக மூடினால் அழுத்தும் அளவு குறையும். மாஸ்டா 1993இல் 2.3 லிட்டர் வி6 எஞ்சினில் சூப்பர்சார்ஜரோடு இதையே செய்தது. மில்லர் சுழற்சி என்று தேடிப் பாருங்கள். ஆனால் தாமதம் கூடினால் சூப்பர்சார்ஜர் இன்னும் வேகம் பிடிக்காத நேரத்தில் இழுவை போய்விடும். தினசரி வண்டிக்கு அளவாகத்தான் தாமதிக்க வேண்டும், இன்டர்கூலரும் வேண்டும்.

இழுவை எந்த வேகத்தில் வருகிறது என்று பார்த்தால் எல்லாம் தெளிவாகும். 2008இல் டொயோட்டா ஆஸ்திரேலியாவில் சூப்பர்சார்ஜர் பூட்டிய டிஆர்டி ஹைலக்ஸ் விற்றது. 4 லிட்டர் வி6; உச்சத் திறன் 225 கிலோவாட், 5400 சுழற்சியில். உச்ச முறுக்குவிசை 453 நியூட்டன் மீட்டர், அதுவோ 2700 சுழற்சியிலேயே. நம் புரோட்டோனையும் பாருங்கள். 2004இல் ஜென்-2வில் வந்த 1.6 கேம்புரோ 148 நியூட்டன் மீட்டர் தர 4000 சுழற்சி வேண்டும். 2011இல் எக்சோரா போல்டில் வந்த டர்போ கேம்புரோ 2000 முதல் 4000 வரை 205 தந்தது. நெரிசலில் நம் கால் நிற்கும் இடம் 1500 முதல் 3000 வரைதானே! 6500-இல் உச்சம் தொடும் கேமை வாங்கி யார் அனுபவிக்கப் போகிறார்கள்?

வால்வு நேரத்தை வேலைக்கு ஏற்ப மாற்றுவது நமக்குப் புதிதல்ல. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வாழ்ந்த தமிழர்கள் பலர் மலாயா ரயில்வேயின் நீராவி எஞ்சின்களோடு வேலை பார்த்தவர்கள். 1938 முதல் கிளாஸ்கோவில் செய்து வந்த ‘ஓ’ வகை எஞ்சினில் நீராவி வால்வுகளைத் திறந்ததே சுழலும் கேம்தான். பாரத்தோடு புறப்படும்போது நீராவியை நெடுநேரம் விடுவார்கள், வேகம் பிடித்ததும் சீக்கிரம் மூடிவிடுவார்கள். இன்றைய விவிடி அந்த வேலையைக் கணினி கையில் கொடுத்திருக்கிறது.

அதனால் விவிடி உள்ள எஞ்சின் என்றால் முதலில் கம்பெனி கேமையே விட்டுவைத்து, கணினியை மட்டும் சூப்பர்சார்ஜருக்கு ஏற்பச் சரிசெய்யச் சொல்லுங்கள். பல வண்டிகளுக்கு அதுவே போதும். எஞ்சினில் செய்யும் மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி பற்றியும் முன்னதாகவே கேட்டுவிடுங்கள். காசு கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. ஒரு கேமின் உள்வால்வு 290, புகை வால்வு 300, கோணம் 106. இன்னொன்று 264, 272, 112. இரண்டின் ஓவர்லாப்பையும் கண்டுபிடித்து, கிள்ளான் பிக்கப்புக்கு எது ஏற்றது என்று காரணத்தோடு நான்கு வரியில் எழுதுங்கள். விடை: 83 பாகை, 44 பாகை. காரணம் உங்கள் சொந்த வாக்கியத்தில் இருக்கட்டும்.