பிரிந்துபோகும் முகக் களிம்பு: காரணமும் பரிகாரமும்

தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும் எளிதிற் கிடைக்கும் ஊர்களில், அங்கத்தினர் குடும்பத்தார் முகக் களிம்பு செய்வதை உபதொழிலாகக் கொண்டுள்ளனர். செய்த அன்று வெண்ணெய்போல் மிளிரும் களிம்பு, பத்தே நாளில் எண்ணெய் வேறு நீர் வேறாகப் பிரிந்துவிடுமாயின், பொருளும் உழைப்பும் வீணாகின்றன. சங்கத்தின் பெயரை நம்பி வாங்கியவர் மறுமுறை வாரார். ஆகவே இதன் காரணங்களை முறையாக ஆராய்வோம்.

எண்ணெயும் நீரும் இயல்பாக ஒன்றுசேரா. பாலில் கொழுப்பு நுண்துளிகளாக மிதப்பதற்குக் காரணம், துளிகளைச் சூழ்ந்து நின்று காக்கும் பொருள்கள் அதில் இருப்பதே. களிம்பிற்கும் அத்தகைய இணைப்புப் பொருள் வேண்டும். தேன்மெழுகே அப்பணியைச் செய்யும் என்று பலர் கருதுகின்றனர். அது களிம்பைக் கெட்டியாக்குமேயன்றி, தனித்து நின்று நீரை நெடுநாள் பிணைத்து வைக்காது. முற்காலத்தில் இதற்கு வெண்காரம் சேர்த்தனர். இனப்பெருக்கத்திற்குத் தீங்கானதென ஐரோப்பாவில் வகைப்படுத்தப்பட்டுள்ளமையால், இன்று அதனைத் தவிர்ப்பதே நலம். கடைகளிற் கிடைக்கும் எமல்சிஃபையிங் மெழுகை, எண்ணெய் எடையில் நான்கில் ஒரு பங்கு சேர்த்துத் தொடங்கலாம்.

களிம்பு எவ்வாறு பிரிந்தது என்பதை முதலில் நோக்குக. பாலின்மேல் ஏடு படிவதுபோல் திரண்டு, கலக்கியதும் ஒன்றாகுமாயின், துளிகள் பெரியவை அல்லது களிம்பு நீர்த்தது என்று பொருள். இன்னும் நன்றாகக் கடைந்து, சற்றுக் கெட்டியாக்கினால் போதும். எண்ணெய் தெளிந்து நின்று, கலக்கியும் சேராதாயின், பிணைப்பே முறிந்துவிட்டது. அதனை மீண்டும் கடைந்து விற்பனைக்கு அனுப்புதல் தகாது.

முறிவுக்கு மற்றொரு காரணம் வெப்ப வேறுபாடு. தேன்மெழுகு சுமார் 62 முதல் 64 டிகிரி சென்டிகிரேடில் உருகும். அதனோடு ஆறிய நீரைச் சேர்த்தால் மெழுகு உடனே உறைந்து திரியும். எண்ணெய்ப் பகுதியையும் நீர்ப் பகுதியையும் தனித்தனியே 70 முதல் 75 டிகிரி வரை சூடாக்கிக் கலந்து, ஆறும்வரை கடைய வேண்டும். கரண்டியால் அளவாது, தராசில் நிறுக்க வேண்டும்.

ஸ்டியரிக் அமிலமும் காரமும் சேர்த்துச் செய்யும் களிம்பில் இணைப்புப் பொருளாக நிற்பது சோப்பு. கிணற்றின் கடின நீரும் எலுமிச்சைச் சாறும் சோப்பைக் கெடுத்துக் களிம்பைத் திரியச் செய்யும். காய்ச்சி வடித்த நீரே ஏற்றது.

பிரியாத களிம்பெல்லாம் நல்ல களிம்பன்று. நீருள்ள இடத்தில் கிருமிகள் பெருகும். கற்றாழைச் சாறு சேர்ப்பின் இன்னும் விரைவாகப் பெருகும். ஆதலின் பதப்பொருள் இன்றியமையாதது. சோடியம் பென்சோயேட் புளிப்புத் தன்மையுள்ள கலவையிலேயே பயன் தரும். சோப்பு வகைக் களிம்பிற்கு உதவாது. பூசணம் கண்ட களிம்பை முழுவதும் எறிந்துவிடுக. மேலாக வழித்தெடுப்பதாற் பயனில்லை.

ஒவ்வொரு தயாரிப்பிலும் மூன்று புட்டிகளை ஒதுக்கி, ஒன்றை அறையிலும், ஒன்றை 40 டிகிரி வெம்மையிலும், ஒன்றைக் குளிர்பெட்டியிலும் சில வாரங்கள் வைத்துப் பாருங்கள். எடை, வெப்பம், தேதி அனைத்தையும் குறிப்பேட்டில் பதியுங்கள். குறை கண்டால் ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பலவற்றை ஒருங்கே மாற்றின் உண்மைக் காரணம் புலப்படாது. விற்பனைக்குச் செய்வோர் 1940ஆம் ஆண்டு மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டத்தின்கீழ் உரிமம் பெறவேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க. கணக்குப் புத்தகம் சங்கத்தின் பணத்தைக் காப்பதுபோல், இக்குறிப்பேடு அதன் நற்பெயரைக் காக்கும்.