"என் லேப்டாப்ல ஓடுச்சே மச்சி!"

"மச்சி, நேத்து நைட்டுகூட என் லேப்டாப்ல சூப்பரா ஓடுச்சுடா!"

வெப்சைட் செய்யக் கிளம்பிய எந்தக் காலேஜ் பையனும் பொண்ணும் ஒருமுறையாவது சொல்லியே தீரும் வசனம் இது. நானும் சொல்லியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ஒரு சைட். நாங்கள் நாலு பேர், ஒரு மாச உழைப்பு. மயிலாப்பூரில் நண்பன் வீட்டு மொட்டை மாடி ரூம்தான் 'ஆபீஸ்'. அவன் அம்மா போட்டுக் கொடுத்த ஃபில்டர் காபியில்தான் ப்ராஜெக்ட்டே நகர்ந்தது.

திறப்பு விழா. எச்.ஓ.டி. மவுஸை க்ளிக் செய்தார். லோகோ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். 'வருக வருக' என்று தமிழில் எழுதிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். ஹால் முழுக்கச் சிரிப்பு. எங்கள் நாலு பேர் முகத்தையும் பார்க்கணுமே!

சைட்டை சொந்த கம்ப்யூட்டரில் வைத்து டெஸ்ட் பண்ணுவதா, நெட்டில் ஏற்றி டெஸ்ட் பண்ணுவதா? அன்றைக்குத்தான் இந்தக் கேள்வி எங்களுக்கு உறைத்தது.

வீட்டுச் சாதகம்

லோக்கல் செட்டப் என்றால் வேறொன்றுமில்லை, உங்கள் கம்ப்யூட்டரையே குட்டி சர்வராக மாற்றுவது. 2002-ல் வந்த 'ஸாம்ப்' போன்ற இலவசத் தொகுப்பை நிறுவினால் அப்பாச்சி சர்வர், டேட்டாபேஸ், பி.எச்.பி. எல்லாம் ஒரே மூட்டையில் வந்துவிடும். அதற்கான ஃபோல்டரில் ஃபைல்களைப் போட்டு, பிரவுசரில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று தட்டினால் சைட் ரெடி! அதற்கு எண் முகவரி 127.0.0.1. எந்த கம்ப்யூட்டரில் தட்டினாலும் 'நானேதான்' என்று அர்த்தம்.

இதில் நெட் வேண்டாம், காசு வேண்டாம். நூறு தடவை உடைத்தாலும் கேட்க ஆளில்லை. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் பல ஏரியாக்களில் கரண்ட்டும் நெட்டும் சேர்ந்தே போயின. அந்த மாதிரி நேரத்தில் பேட்டரியில் சார்ஜ் இருக்கும்வரை லோக்கல்காரன்தான் ராஜா.

மார்கழியில் சபா மேடை ஏறும் பாடகர், அதற்கு முன்னால் வீட்டில் எத்தனை ஸ்வரம் தப்பியிருப்பார்? யாருக்குத் தெரியும்! லோக்கல் செட்டப் அந்த வீட்டுச் சாதகம் மாதிரி. ஆனால் ஒன்று... வீட்டில் நன்றாகப் பாடியதால் மட்டும் கச்சேரி ஜெயித்துவிடாது.

தி.நகர் ட்ரையல் ரூம்

நெட்டிலேயே டெஸ்ட் பண்ண உதவும் தளங்கள் இன்னொரு வகை. 2012-ல் வந்த 'கோட்பென்' போன்றவற்றில் ஒரு கட்டத்தில் கோடு எழுதினால், பக்கத்துக் கட்டத்தில் ரிசல்ட். எதையும் நிறுவ வேண்டாம். லிங்க்கை அனுப்பினால் அடையாறில் இருக்கும் ஃப்ரெண்டும் அதே நிமிஷம் பார்க்கலாம். காலேஜ் லேபில் சாஃப்ட்வேர் போட விடவில்லையா? இதுதான் கை கொடுக்கும்.

ஆனால் இது தி.நகர் துணிக்கடை ட்ரையல் ரூம். ஒரு சட்டை பொருந்துதா என்று பார்க்கலாம், குடித்தனம் நடத்த முடியாது. ஒரு பட்டன், ஒரு மெனு ஓகே. லாகின், டேட்டாபேஸ் என்று முழு சைட்டையும் பார்க்க நிஜ சர்வர் வேண்டும். 2008 முதல் இருக்கும் 'கிட்ஹப் பேஜஸ்' இலவசமாக முகவரியே தருகிறது. ஆனால் அங்கே பி.எச்.பி. ஓடாது.

இன்னொன்று, இலவச வீட்டுக்கு நிரந்தரப் பட்டா கிடையாது. 1994-ல் தொடங்கி லட்சக்கணக்கானவர்கள் பக்கம் வைத்திருந்த 'ஜியோசிட்டீஸ்', 2009 அக்டோபரில் ஷட்டரை இறக்கியது. ஒரு காப்பி எப்போதும் உங்கள் கையில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பை நாங்களே செய்தோம். ரிஜிஸ்ட்ரேஷன் பக்கத்தைச் சோதிக்க கிளாஸ்மேட்களின் நிஜமான பெயர், செல் நம்பரைப் போட்டு இலவச இடத்தில் ஏற்றினோம். 'டெஸ்ட் சைட்தானே, யார் பார்க்கப் போறாங்க?' என்ற தைரியம். ஒரே வாரத்தில் கிளாஸ்மேட் ஒருத்திக்கு முன்பின் தெரியாதவர்களிடமிருந்து போன் கால்கள். கடைசியில் அவள் நம்பரையே மாற்ற வேண்டியதாயிற்று. லோகோ வராதது காமெடி. இது காமெடி இல்லை. நெட்டில் ஏறியது எதுவும் 'சும்மா டெஸ்ட்' கிடையாது.

தமிழ் பட்ட பாடு

'என் மெஷினில் ஓடுது' வியாதி நம் தமிழுக்கே இருந்தது தெரியுமா? 1990-களில் தமிழ் சைட் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபான்ட். அது இருக்கும் கம்ப்யூட்டரில் செந்தமிழ், இல்லாத கம்ப்யூட்டரில் கிறுக்கல்! இதைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூடியது. தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற எழுத்துக் குறியீடுகளும் அதையொட்டி வந்தவை. பிறகு 2010-ல் யூனிகோடைத் தமிழக அரசு தரமாக ஏற்றது.

அப்படியானால் எங்கள் கேள்விக்குறிகள்? 'தமிழ்' என்ற சொல்லை யூ.டி.எஃப்.-8 முறையில் சேமிக்க 15 பைட் வேண்டும். ஆனால் 2018-ல் 8.0 வெளியாகும்வரை மை எஸ்.க்யூ.எல். டேட்டாபேஸ் நாம் சொல்லாவிட்டால் 'லத்தீன்-1' என்ற முறையையே எடுத்துக்கொள்ளும். அதில் தமிழ் எழுத்துக்கு இடமே இல்லை. லேப்டாப்பில் மாற்றியிருந்தோம், சர்வரில் மறந்துவிட்டோம்.

லோகோ கதை இன்னும் சிம்பிள். ஃபைல் பெயரில் முதல் எழுத்து பெரிய எழுத்து, கோடில் சின்ன எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். சர்வரில் இருந்த லினக்ஸ் விடுமா? 'அப்படி ஒரு ஃபைலே இல்லை' என்று கையை விரித்துவிட்டது!

லேப்டாப்பில் எத்தனை ராத்திரி உட்கார்ந்திருந்தாலும் இந்த இரண்டு தப்பும் கண்ணில் பட்டிருக்காது. ஏற்றிப் பார்த்திருந்தால் அஞ்சே நிமிஷம்.

அப்போ எது பெஸ்ட்?

இரண்டும் வேண்டும் பாஸ், ஆனால் வரிசையாக!

• சின்னச் சின்ன ஐடியாவை ட்ரையல் ரூமில் பாருங்கள்.

• முழு சைட்டையும் லோக்கலில் கட்டுங்கள், உடையுங்கள், திரும்பக் கட்டுங்கள்.

• ஃபைல் பெயர் எல்லாமே சின்ன எழுத்தில். பட முகவரி 'சி' டிரைவில் தொடங்கினால் உடனே மாற்றுங்கள்.

• விழாவுக்கு ஒரு வாரம் முன்பே நிஜ சர்வரில் பாஸ்வேர்ட் போட்ட தனி ஃபோல்டரில் ஏற்றுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் கற்பனைப் பெயர், கற்பனை நம்பர்.

• பெசன்ட் நகர் போகும் 29சி பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி, சிக்னல் விட்டு விட்டு வரும்போது, பழைய போனில் திறந்து பாருங்கள். அங்கே ஓடினால் எங்கேயும் ஓடும்.

அடுத்த வருஷமும் சிம்போசியம் வந்தது. அதே ஹால், அதே எச்.ஓ.டி., அதே நாலு பேர். க்ளிக் செய்தார். லோகோ வந்தது, 'வருக வருக' வந்தது. யாரும் சிரிக்கவில்லை. கைதட்டவும் இல்லை, நேராக ரிஜிஸ்டர் பண்ணப் போய்விட்டார்கள். எங்களுக்கு அது போதும்!