கண்ணுக்கு வெளிச்சம், செடிக்கு இருட்டு

சென்ற வருட மழையில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த மண்மேடு வெடிப்பு விட்டது. தேயிலைத் தோட்டத்தை ஒட்டியிருந்த அந்த வீட்டை விட்டு, இரத்தினபுரி நகரில் இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். உம்மா மறக்காமல் கொண்டு வந்தவை இரண்டு: உம்மும்மா நட்டு வளர்த்த புதினாவில் ஒரு வாளி, நான்கு கொச்சிக்காய்க் கன்றுகள்.

குசினி ஜன்னலில் வைத்த புதினா இரண்டு மாதத்தில் நூல் போல நீண்டு வெளிறிப் போனது. "என்ட கை ராசி அந்த வீட்டோட போயிட்டு புள்ள" என்றார் உம்மா. நானா கையடக்கத் தொலைபேசியிலேயே ஓடர் செய்து, செடிக்கென்றே விற்கும் ஒரு ஊதா விளக்கை 3,500 ரூபாவுக்கு வாங்கிக் கொடுத்தார். பெட்டியில் '1000 வாற்' என்று போட்டிருந்தது. ஒரு மாதம் எரித்தும் மாற்றமில்லை. உம்மா இன்னும் தன்னையே நொந்துகொண்டார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு அது பொறுக்கவில்லை. தேடிப் படித்து விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கடையில் மின்குமிழ்ப் பெட்டியில் 'லூமன்' என்று ஓர் எண் இருக்கும். ஒரு விளக்கு மொத்தமாகத் தரும் வெளிச்சத்தின் அளவு அது. ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு 'லக்ஸ்'. இவ்விரண்டும் மனிதக் கண்ணுக்காக வகுக்கப்பட்ட அளவுகள். பகல் வெளிச்சத்தில் எம் கண்ணுக்கு மிகவும் கூர்மையாகத் தெரிவது 555 நனோமீற்றர் அலைநீளமுள்ள பச்சை கலந்த ஒளி. ஆகவே அந்த நிறத்துக்கு லூமன் கணக்கில் அதிக மதிப்பு. நீலத்துக்கும் கடும் சிவப்புக்கும் மிகக் குறைவு.

செடியின் கணக்கு வேறு. ஒளித்தொகுப்புக்கு 400 முதல் 700 நனோமீற்றர் வரையான ஒளி முழுவதும் பயன்படுகிறது. 1972இல் மெக்ரீ என்ற விஞ்ஞானி 22 வகைப் பயிர்களின் இலைகளைச் சோதித்து, எந்த நிறம் எவ்வளவு உதவுகிறது என்று வெளியிட்டார். செடிக்கு முக்கியம் எத்தனை ஒளித்துணிக்கைகள், அதாவது போட்டன்கள், இலையில் விழுகின்றன என்பதே. அவற்றின் தொகை மிகப் பெரிது. ஆகையால் இரசாயனப் பாடத்தில் வரும் மூல் அலகிலேயே எண்ணுகிறார்கள்: ஒரு சதுர மீற்றரில், ஒரு செக்கனில் விழும் மைக்ரோமூல். நல்ல விளக்குகளின் பெட்டியில் இது 'பி.பி.எஃப்.டி.' என்று குறிக்கப்பட்டிருக்கும். உச்சி வெயிலில் இது ஏறத்தாழ 2,000.

இதை அளக்கும் கருவி விலை கூடியது. ஆனால் தொலைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. இலை இருக்கும் உயரத்தில் தொலைபேசியைத் திரை மேல்நோக்க வைத்து அளக்க வேண்டும். சூரிய ஒளியானால் வரும் லக்ஸை 54ஆல், வெள்ளை எல்.ஈ.டி. ஒளியானால் ஏறத்தாழ 70ஆல் வகுத்தால் மைக்ரோமூல் வரும். இது தோராயக் கணக்கு. ஆனாலும் வீட்டுக்குப் போதும்.

எங்கள் குசினி ஜன்னலில் மழை நாளில் 1,000 லக்ஸ். புத்தகம் வாசிக்கத் தாராளம். 54ஆல் வகுத்தால் வெறும் 18.5 மைக்ரோமூல். செடிக்கு ஒரு நாளில் சேரும் மொத்தமே சாப்பாடு. பத்து மணித்தியாலத்துக்கு 36,000 செக்கன். பெருக்கினால் நாளொன்றுக்கு 0.67 மூல். கீரை வகைகள் செழிக்க 12 மூல் அளவிலும், கொச்சிக்காய் நன்றாகக் காய்க்க 20 மூலுக்கு மேலும் வேண்டும். வாளியில் இருந்த செடிகள் பட்டினி கிடந்தன. கை ராசி என்ன செய்யும்!

அந்த ஊதா விளக்கு? அது தொலைபேசி சார்ஜரில் செருகும் வகை. சார்ஜர் தருவது 5 வோல்ற், 2 அம்பியர். பெருக்கினால் 10 வாற். 1000 வாற் எங்கிருந்து வரும்? ஊதா ஒளியை லக்ஸால் அளந்தால் கணக்கும் பிழைக்கும். ஏனெனில் சிவப்பையும் நீலத்தையும் லக்ஸ் குறைத்தே காட்டும்.

வாப்பாவிடம் கணக்கைக் காட்டி, சாதாரண 20 வாற் வெள்ளை எல்.ஈ.டி. ரியூப் ஒன்றைக் கேட்டேன். புதினாவுக்கு 20 சென்ரிமீற்றர் மேலே தொங்கவிட்டோம். இலையில் 7,000 லக்ஸ், அதாவது 100 மைக்ரோமூல். நாளுக்கு 14 மணித்தியாலம் எரித்தால் 5 மூல். உயரத்தைக் கூட்டினால் ஒளி வேகமாகக் குறையும். ஆகவே விளக்கைக் கிட்டவே வைக்க வேண்டும். மின்சாரம் மாதத்துக்கு 8.4 அலகு. வாப்பா சம்மதித்தார். தாராளமில்லை என்றாலும் புதினாவுக்கு அது உயிர் கொடுத்தது. புதிய தளிர்கள் குட்டையாக, கரும்பச்சையாக வந்தன.

கொச்சிக்காய்க்கு அது போதாது. வீட்டுக்காரரிடம் கேட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுபோக நினைத்தோம். தோட்டத்து நாற்றுமேடையில் வேலை செய்யும் பழைய அயல்வீட்டு அக்காவோ, "ஒரே நாள்ல வெயில்ல வைக்காதீங்க, கருகிடும். தேயிலைக் கன்றுக்கும் நாங்க நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைப்போம்" என்றார். தேயிலைத் துண்டுகளை முதலில் நிழலில் வேர்விடச் செய்து, மலையில் நடுமுன் படிப்படியாக வெயிலுக்குப் பழக்குவதே நாற்றுமேடை முறை. அக்காவின் சொற்படி இரண்டு வாரம் எடுத்துப் பழக்கினோம். நான்கில் மூன்று பிழைத்தன.

தோழியரே, பெற்றோரே, செடி விளக்கு வாங்கமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். உண்மையில் எத்தனை வாற் மின்சாரம் எடுக்கும்? எவ்வளவு தூரத்தில் எத்தனை மைக்ரோமூல் தரும்? எம் செடிக்கு நாளொன்றுக்கு எத்தனை மூல் வேண்டும்? விடை தராத பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள். அதற்கும் முன், வாளியை வாசற்படிக்கு நகர்த்திப் பாருங்கள். மேகமூட்டமான நாளிலும் எங்கள் வாசலில் 10,000 லக்ஸ் இருந்தது. குசினி ஜன்னலைப் போலப் பத்து மடங்கு, அதுவும் செலவில்லாமல்.

இப்போது உம்மா கை ராசியைப் பற்றிப் பேசுவதில்லை. சென்ற வெள்ளிக்கிழமை சம்பலுக்கு உம்மும்மாவின் புதினாதான்.