உருவத்தின் விலையும் பொன்னின் விலையும்

திருமலைக்குச் சென்று திரும்பும் குடும்பங்களில், வேங்கடமுடையானின் திருவுருவம் பொறித்த தங்க டாலரை, 2 கிராமோ 5 கிராமோ 10 கிராமோ தத்தம் சக்திக்கு இயன்றபடி தேவஸ்தானத்தின் கவுண்டரிலேயே வாங்கிவந்து பூஜையறையில் வைத்துப் போற்றுபவர் அநேகர். அந்தப் பழக்கத்தில் ஊறிய திருப்பதி, சித்தூர் வட்டாரத்தாருக்கு, டைனோசார் உருவம் தாங்கிய அயல்நாட்டுப் பொற்காசைக் காணும்போது, இதுவும் தங்கம்தானே என்ற நம்பிக்கை பிறப்பது சகஜம். ஜாக்கிரதை வேண்டிய இடமும் அதுவே.

பிரிட்டனின் ராயல் மின்ட் 2020-இல் வெளியிட்ட 50 பென்ஸ் டைனோசார் நாணயங்களில் 22 கேரட் தங்கத்தில் அடித்தவையும் உண்டு. அந்நாணயங்களில் இடம்பெற்ற மெகலோசாரஸ், இகுவானோடான், ஹைலியோசாரஸ் என்ற மூன்று பிராணிகளையும் ஆதாரமாகக் கொண்டே ரிச்சர்ட் ஓவன் 1842-இல் டைனோசார் இனத்தை வகுத்தார் என்பதை அறிந்து, அந்தச் சரித்திரத்துக்காகவே கூடுதல் விலை தருபவரை நான் குறை கூற மாட்டேன். ஆனால் அதே நாணயத்தை அவசரத்துக்குச் சித்தூர்க் கடைவீதியில் விற்கப் போனால், நகைக்கடைக்காரர் உரைகல்லில் உரைத்து, தராசில் நிறுத்து, பொன்னுக்கு மட்டுமே பணம் தருவார். நம் வங்கிகளோ, தாமே விற்ற தங்கக் காசைக்கூடத் திரும்ப வாங்குவதில்லை. சில காசுகளின் பெட்டியிலோ, ‘24 கேரட்’ என்று பெரிதாகவும் ‘கோல்டு பிளேட்டட்’ என்று பொடி எழுத்திலும் அச்சிட்டிருக்கும். அது வெறும் முலாம்.

2021 ஜூன் 23 முதல் முதற்கட்டமாக 256 மாவட்டங்களில் நகைகளுக்கு ஹால்மார்க் கட்டாயமாயிற்று. ஆயினும் நாணய வடிவிலுள்ள தங்கத்துக்கு அவ்விதியிலிருந்து விலக்கு உண்டு என்பதைப் பலர் அறியார். ஆகவே, முத்திரை பெற்ற காசையே கேட்டு வாங்குவதும், எடை, கேரட், தங்கத்தின் விலை, செய்கூலி ஆகியவற்றைத் தனித்தனியே குறித்த பில்லைப் பெறுவதும் வாங்குபவர் பொறுப்பாகின்றன. ஹால்மார்க் பெற்ற பொருளில் மாற்றுக் குறைந்திருந்தால், குறைந்த தொகையைப்போல் இருமடங்கும் பரிசோதனைச் செலவும் பெறச் சட்டம் இடமளிக்கிறது.

வஞ்சிக்கப்பட்டவர் 1915 என்ற எண்ணில் முறையிடலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டாண்டுகளுக்குள், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமே இன்றி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் தொடுக்கலாம். விற்றவர் மும்பையில் இருந்தாலும், வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுவைத் தாக்கல் செய்யலாம். பில், விளம்பரத்தின் நகல், காசு வந்த பெட்டி ஆகியவற்றை அதற்காகப் பத்திரப்படுத்தி வைப்பது அவசியம்.