உழைக்கும் உடம்பு – 11: செம்பனைக் காட்டில் நழுவும் தோள்
மலேசியாவின் நீலாயைச் சுற்றி லாபு, பாஜம், பத்தாங் பெனார் என்று எந்தப் பக்கம் போனாலும் வீடமைப்புப் பகுதிகளுக்கு நடுவே செம்பனை இன்னும் நிற்கிறது. பால்மரம் நின்ற மண் இது. பால் வாளியான காண்டாவாளி சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் விமான நிலையத்துக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். குலை வெட்டுவது இப்போது பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும். ஆள் மாறியதே தவிர, உடம்பு படும் பாடு மாறவில்லை.

சென்ற வாரம் எலும்பு முறிவைப் பார்த்தோம். எலும்பு முறியாமலே ஆளை வாரக்கணக்கில் முடக்கிப் போடும் காயங்கள் மூன்று உண்டு. எலும்பையும் எலும்பையும் கட்டிவைத்திருக்கும் இணைப்பு நார் இழுபட்டாலோ கிழிந்தாலோ சுளுக்கு. தசையோ அதை எலும்போடு பிணைக்கும் தசைநாணோ கிழிந்தால் தசைக்கிழிவு. மூட்டில் பொருந்தியிருக்கும் எலும்பு இடம்விட்டு நழுவினால் மூட்டு விலகல். லயத்து வீடுகளில் மூன்றுக்கும் காலங்காலமாக ஒரே வைத்தியம்தான்: கோடாலித் தைலம், சூடு, அழுத்தி உருவிவிடுதல்.

செம்பனை வெட்டுகிறவரின் தோளைக் கவனியுங்கள். உயரமான மரத்தில் நீளக் கம்பத்து நுனியில் கட்டிய அரிவாளை மட்டைக் காம்பில் கொக்கியிட்டு, இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, உடம்பின் முழுக் கனத்தோடு கீழே இழுக்க வேண்டும். ஒரு குலை 20 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். காலடியிலோ ஈரமான மட்டைகளும் உதிரிப் பழமும் கிடக்கும். கை மேலே பின்பக்கமாக வளைந்திருக்கும்போது கால் வழுக்கினால், தோள் நழுவ அதைவிடத் தோதான நிலை வேறில்லை. அகல் விளக்கின் குழியில் தேங்காயை வைத்தாற்போலத்தான் மேற்கை எலும்பின் பெரிய உருண்டை சிறிய குழியில் உட்கார்ந்திருக்கிறது. கை எல்லாத் திசையிலும் சுழல்வது இந்த அமைப்பால்தான். உடம்பின் பெரிய மூட்டுகளில் தோளே அதிகம் நழுவுவதற்கும் அதுவே காரணம். பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் நழுவும்.

நழுவிய தோளைப் பார்த்தவுடன் கண்டுகொள்ளலாம். உருண்டை வடிவம் போய்த் தோள்முனை கூராகத் தெரியும். அடிபட்டவர் அந்தக் கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு அசையாமல் இருப்பார். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் நல்லெண்ணத்தோடு கையைப் பிடித்து இழுத்துவிடுவதுதான் எனக்குப் பெரிய பயம். தோளைச் சுற்றிப் போகும் நரம்பு அதில் நசுங்கலாம். மேற்கையின் வெளிப்பக்கம் மரத்துப்போனால் அந்த நரம்பு அடிபட்டிருக்கிறது என்று பொருள். விலகலோடு எலும்பு விரிசலும் இருந்தால், இழுக்கும் இழுப்பில் அது பெரிய முறிவாகிவிடும். கையை இருக்கும் நிலையிலேயே துணியால் தாங்கிக் கட்டி, சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே சரி. அங்கே எக்ஸ்ரே எடுத்து, வலி தெரியாமல் மருந்து கொடுத்து, பக்குவமாக உள்ளே பொருத்துவார்கள். சின்ன வயதில் ஒருமுறை நழுவிய தோள் மறுபடி நழுவும் வாய்ப்பு அதிகம். கட்டு அவிழ்ந்ததும் தோள் தசைகளை வலுவாக்கும் பயிற்சியை விட்டுவிடக் கூடாது.

இடுப்பு மூட்டு லேசில் நழுவாது. லாரி கவிழ்ந்தாலோ மோட்டார் சைக்கிள் மோதினாலோதான் நடக்கும். நழுவினால் சில மணி நேரத்துக்குள் திரும்பப் பொருத்தியாக வேண்டும். தாமதித்தால் தொடை எலும்புத் தலைக்கு இரத்தம் போகாமல் அது அழிந்துபோகும். முழங்கால் நழுவினாலும் அதே அவசரம்: பாதத்துக்குப் போகும் இரத்தக்குழாய் அறுபடலாம். ஒரு விஷயம் எல்லா வீட்டுக்கும். தத்தித் தத்தி நடக்கும் குழந்தையை ஒரு கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். முழங்கை எலும்பு சட்டென்று நழுவிவிடும். குழந்தை கையை அசைக்காமல் தொங்கவிட்டு அழும்.

கணுக்கால்தான் தினமும் அடிபடுவது. பாதம் உள்பக்கமாக மடங்கி, வெளிப்பக்கத்து நார் கிழியும். கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட ஒரு விதி இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லையா, கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் பின்விளிம்பை அழுத்தினால் வலிக்கிறதா, எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள் உருவிவிடுவதும் சூட்டு ஒத்தடமும் கூடாது. கிழிந்த இடத்தில் இரத்தக் கசிவு கூடி வீக்கம் பெருகும். தொடையில் பலமாக அடிபட்ட இடத்தை அழுத்தித் தேய்த்தால், தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடுவதும் உண்டு. துணியில் சுற்றிய ஐஸ், இறுக்கமில்லாத கட்டு, காலை உயர்த்தி வைத்தல் போதும். ஐஸ் வலியைக் குறைக்கும், ஆனால் காயத்தை ஆற்றாது. 1978இல் ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற இந்த முறையைப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே 2014இல் ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். வீக்கம் தணிந்ததும் வலி பொறுக்கும் அளவுக்கு அசைப்பதுதான் ஆற்றும். தைலம் தேய்த்து உருவும் பாட்டிமாரின் கைக்கு அந்தக் கட்டத்தில் இடம் உண்டு. டாக்டர் எட்டாத காலத்தில் தோட்டத்து மக்களைத் தாங்கிய கை அது. அவர்களிடம் நான் கேட்பது சில நாள் பொறுமை மட்டுமே.

குலையைத் தூக்கும்போது நடு முதுகு பிடித்துக்கொள்வது பெரும்பாலும் தசைக்கிழிவு. சில வாரங்களில் சரியாகும். கால் மரத்தாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, அது தசையின் விஷயம் இல்லை. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ, வேலையில் பட்ட காயத்துக்கு மருத்துவ விடுப்பு (எம்.சி.) நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு தருகிறது. சுளுக்கும் காயம்தான். ஆனால் “சுளுக்குதானே” என்று லயத்திலேயே படுத்துவிட்டால் பதிவு இல்லை, பணமும் இல்லை. பிறகு அதே மூட்டு கெட்டுப்போனால் வேலையால் வந்தது என்று காட்ட ஒரு தாளும் இருக்காது. விழுந்த நேரம், இடம், பார்த்தவர் பெயர் மூன்றையும் அன்றே மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் சொல்லுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. பக்கத்து லயத்தில் தங்கியிருக்கும் வங்காளதேசித் தம்பிக்கு இது தெரியாமல் இருக்கலாம். அவருக்குப் புரிகிற மொழியில் எடுத்துச் சொல்லுங்கள்.

(தொடரும்)