கொழுந்துக் கணக்கும் மென்பொருட் பதிப்புகளும்

மலையகத் தோட்டங்கள் பலவற்றில் கொழுந்து நிறுப்பதற்கு இன்று மின்தராசு வந்துவிட்டது. செக்றோல் கணக்கும் கணினிக்குள் புகுந்துள்ளது. ஆயினும் அக்கணக்கைச் செய்யும் மென்பொருள் முழுவதையும் ஒருவரே எழுதுவதில்லை. திகதியைக் கணிக்க ஒரு பகுதி, அறிக்கையை அச்சிட இன்னொன்று என, எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதிய பகுதிகளை இணைத்தே அது கட்டப்படுகின்றது. ஒவ்வொரு பகுதிக்கும் பதிப்பு எண் உண்டு. அந்த எண் மாறும்போது கணக்கும் மாறக்கூடும்.

பைதன் எனும் கணினி மொழியை எடுத்துக்கொள்வோம். 2.5 என்பதை முழு எண்ணாக்கும்படி கேட்டால் அதன் 2ஆம் பதிப்பு 3 என்று விடை தரும். 3ஆம் பதிப்போ 2 என்று தரும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டு செல்வது புதிய விதி. பிழையன்று, தெரிந்தே செய்த மாற்றம். ஆனால் மேலதிகக் கிலோவை இவ்வாறு முழுமையாக்கும் தோட்டமொன்றில், பதிப்பை மாற்றிய அன்றே சில தொழிலாளர்களுக்கு ஒரு கிலோவின் காசு குறைந்துவிடும். 3.5ஐ மட்டும் கொடுத்துப் பரிசோதித்தவர் இதைக் கண்டிருக்கமாட்டார். அதற்கு இரு பதிப்புகளும் 4 என்றே சொல்லும்!

அப்படியானால் பழைய பதிப்பிலேயே இருந்துவிடலாமா? பைதன் 2ஆம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 உடன் முடிந்தது. 2021 டிசம்பரில் லொக்ஃபோர்ஜே எனும் பகுதியில் பாரதூரமான ஓட்டை வெளிப்பட்டபோது, 2.14.1 வரையிலான அதன் பதிப்புகளை வைத்திருந்தோர் உலகெங்கும் திண்டாடினர். அவசரமாக வந்த 2.15.0உம் போதவில்லை, அம்மாதத்திலேயே 2.17.1 வரை செல்ல நேர்ந்தது. மாறாக, 2024இல் எக்ஸ்இஸட் எனும் பகுதியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவழி நுழைக்கப்பட்டிருந்தது. அங்கே தப்பியவர்கள் பழையதை வைத்திருந்தவர்களே.

ஆகவே புதுமையோ பழைமையோ அளவுகோலாகாது. எந்தப் பகுதியின் எந்தப் பதிப்பு என்பதைத் துல்லியமாகக் குறித்துப் பூட்டிவைத்தல் வேண்டும். மாற்றுவதாயின் ஒவ்வொன்றாக மாற்றி, கடந்த மாதச் செக்றோலைப் பிரதியொன்றில் மீண்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் பழைய தொகையே வருகின்றதா எனச் சதம் வரை ஒப்பிடுதல் வேண்டும். பாதுகாப்பு ஓட்டைக்கான திருத்தம் தாமதிக்கக்கூடாததுதான். எனினும் அதற்கும் இப்பரிசோதனை உண்டு. முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருந்தால் அது ஒரு பிற்பகல் வேலை.

மென்பொருளை விற்கும் நிறுவனத்திடம் இந்தப் பட்டியலையும் ஒப்பீட்டையும் தோட்ட நிர்வாகங்கள் கேட்டுப் பெறலாம். தொழிற்சங்கங்களும் கேட்கலாம்.